ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சாலை விதிகளில் என்ன விலக்கு? புறப்படுவது முதல் அபராத நோட்டீசுக்குப் பதில் எழுதுவது வரை

ஆம்புலன்ஸ் ஓட்ட வரும் புதியவர்கள் முதல் வாரத்தில் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். சிலர், சைரனைப் போட்டுவிட்டால் சாலை விதி எதுவும் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று நினைத்துப் பறக்கிறார்கள். வேறு சிலர், உள்ளே ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, ஆளே இல்லாத சந்திப்பில் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்கிறார்கள். மதுரை வட்டாரத்தில் புதிய ஓட்டுநர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேலை பழக்கியபோது இரண்டையும் பார்த்திருக்கிறேன். சட்டம் என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தராததே காரணம்.

கீழே உள்ள வரிசையிலேயே படியுங்கள். முதல் மூன்று படிகள் வண்டி நகர்வதற்கு முன் செய்ய வேண்டியவை. அவற்றை விட்டுவிட்டு நான்காவதிலிருந்து தொடங்குபவர்கள்தான் பின்னால் அபராத நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள்.

1. விலக்கு மூன்றே மூன்றுக்கு என்பதை மனத்தில் பதியவையுங்கள்

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் அவசர வாகனங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வழிவிடுவதற்கான முன்னுரிமையில் தீயணைப்பு வண்டி முதலிடம், ஆம்புலன்ஸ் இரண்டாமிடம், காவல்துறை வாகனம் அதற்கு அடுத்தது. தீயணைப்பு வண்டியும் நீங்களும் ஒரே சந்திப்புக்கு ஒரே நேரத்தில் வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

அவசரப் பணியில் இருக்கும் ஓட்டுநர், தேவை என்று கருதினால், உரிய கவனத்தோடும் பொறுப்போடும் மூன்று காரியங்களைச் செய்யலாம். சிவப்பு விளக்கைக் கடக்கலாம். வேக வரம்பை மீறலாம். சாலையின் ஓரப் பகுதியிலோ, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலோ செல்லலாம்.

இவற்றுக்கு வெளியே எல்லாரையும் போலத்தான் நாமும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு விலக்கு இல்லை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பாயும். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டவும் இருக்கைப் பட்டை போடாமல் ஓட்டவும் அனுமதி இல்லை. புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது கைப்பேசியில்தான். "எங்கே வருகிறீர்கள்?" என்று நோயாளியின் வீட்டார் நிமிடத்துக்கொரு முறை அழைப்பார்கள். அந்த அழைப்புகளை மருத்துவ உதவியாளரிடம் விட்டுவிடுங்கள். தனியாகப் போனால், ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று. விலக்கு வண்டிக்கும் இல்லை, உங்கள் உரிமத்துக்கும் இல்லை. அந்தக் குறிப்பிட்ட பயணத்துக்கு மட்டும்தான். காலையில் மாரடைப்பு நோயாளியை ஏற்றிச் சென்ற அதே வண்டி, மதியம் பெட்ரோல் பங்குக்குப் போகும்போது வெறும் வேன்.

2. வண்டியின் பத்திரங்களைச் சரிபாருங்கள்

பத்திரங்களிலும் சில விலக்குகள் உண்டு. அவற்றை எல்லாவற்றுக்கும் நீட்டிப் புரிந்துகொள்வதால் சிக்கல் வருகிறது.

பெர்மிட் தேவையில்லை. ஆம்புலன்ஸ் பணிக்கு மட்டுமே பயன்படும் வாகனத்துக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66(3) பிரிவு இந்த விலக்கைத் தருகிறது. மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நோயாளியைக் கொண்டுபோகும்போது சோதனைச் சாவடியில் யாராவது பெர்மிட் கேட்டால், பிரிவின் எண்ணைப் பணிவாகச் சொன்னால் போதும். "மட்டுமே" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே வண்டியில் திருமண வீட்டுக்கு ஆள் ஏற்றினால் விலக்கின் அடிப்படையே போய்விடும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டிய கட்டாயமும் ஆம்புலன்ஸுக்கு இல்லை. பல ஒலி எழுப்பும் சைரனைப் பயன்படுத்த 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி அனுமதிக்கிறது. ஆனால் அது பதிவு அதிகாரி ஏற்றுக்கொண்ட ஒலியாக இருக்க வேண்டும். சந்தையில் வாங்கிய ஏதோ ஒரு ஹாரனைத் தாமாகவே பொருத்திக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அந்த அனுமதிக்குள் வராது.

எஃப்.சி. என்று நாம் சொல்லும் தகுதிச் சான்றுக்கு விலக்கு இல்லை. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் கட்டாயம். இவற்றில் ஒன்று காலாவதியாகியிருக்கும்போது விபத்து நடந்தால், நீங்கள் எவ்வளவு கவனமாக ஓட்டியிருந்தாலும் முதல் கேள்வி அந்தத் தாளைப் பற்றித்தான் வரும்.

ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, சுமையோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. நம்மிடம் இருக்கும் வேன் வகை ஆம்புலன்ஸ்கள் இந்த எடைக்குள் அடங்கும். உரிமத்தின் காலாவதித் தேதியை மட்டும் மறக்காதீர்கள்.

3. "இது அவசரமா?" என்று புறப்படும் முன் முடிவு செய்யுங்கள்

மனித உயிரைக் காக்க, உடல்நலத்துக்கு வரும் பெரும் கேட்டைத் தடுக்க என்ற நோக்கம் இருந்தால்தான் விலக்கு உயிர்பெறும். ஆகவே சாவியைத் திருப்புவதற்கு முன்பே இந்த முடிவை எடுத்தாக வேண்டும். ஓட ஆரம்பித்தபின் சைரன் சத்தத்தில் எல்லாமே அவசரமாகத்தான் தோன்றும்.

விபத்தில் அடிபட்டவரை எடுக்கப் போகிறீர்கள் என்றால், வண்டியில் நோயாளி இல்லாவிட்டாலும் அது அவசரப் பயணம். பிரசவ வலி, நெஞ்சு வலி, பாம்புக்கடி, நினைவிழப்பு எல்லாம் அப்படியே. வழக்கமான டயாலிசிஸுக்கு அழைத்துப்போவது, குணமாகி வீடு திரும்புபவரைக் கொண்டுவிடுவது, நிலை சீராக இருப்பவரை ஸ்கேனுக்கு மாற்றுவது ஆகியவை அவசரப் பயணங்கள் இல்லை. உடலைக் கொண்டுபோவதும் இல்லை. துக்கத்தில் இருக்கும் உறவினர்கள் சைரனைப் போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். மனம் கனக்கும், இருந்தாலும் போடக் கூடாது.

ஐயமாக இருந்தால் மருத்துவ உதவியாளரிடமோ, அனுப்பும் மருத்துவரிடமோ ஒரே கேள்வி கேளுங்கள்: "வழியில் பத்து நிமிடம் தாமதமானால் இவருக்கு ஆபத்தா?" பதிலைப் பயணப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பு வந்த நேரம், புறப்பட்ட நேரம், எங்கிருந்து எங்கே, நோயாளியின் நிலை ஒரு வரியில், யார் அவசரம் என்று சொன்னது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உதவியாளர் இருந்தால் அவர் எழுதட்டும், நீங்கள் வண்டியை எடுங்கள். இந்த ஐந்து விவரங்கள் பத்தாவது படியில் உங்களைக் காப்பாற்றும்.

உறவினர்களிடமும் அப்போதே பேசிவிடுங்கள். அவர்கள் பைக்கிலும் காரிலும் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டே சிவப்பு விளக்குகளைக் கடப்பார்கள். அவர்களுக்கு எந்த விலக்கும் கிடையாது. நாம் கடந்துவிட்டோம் என்று நகரத் தொடங்கும் வண்டி நேராக அவர்கள் மீது மோதும். மருத்துவமனையின் பெயரையும் எந்த வாசல் என்பதையும் சொல்லி, "நீங்கள் மெதுவாக வாருங்கள், நாங்கள் சேர்த்துவிடுகிறோம்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

4. சைரனும் விளக்கும் சேர்ந்தே இயங்கட்டும்

அவசரப் பயணம் என்று முடிவானதும் சுழல் விளக்கையும் சைரனையும் சேர்த்துப் போடுங்கள். இரவில் ஊர் உறங்குகிறதே என்று சைரனை நிறுத்திவிட்டு விளக்கோடு மட்டும் சிவப்பைக் கடப்பவர்கள் உண்டு. அவர்களின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் விலக்கு அந்த இரண்டையும் ஒட்டியே வருகிறது. குறுக்குச் சாலையில் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வருபவருக்கு உங்கள் விளக்கு தெரியாது. காது மட்டும்தான் எச்சரிக்கும்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். பொது அவசரத்துக்காக ஒலி எழுப்புவதற்கு ஒலி மாசு விதிகளில் விலக்கு இருக்கிறது. அப்படியிருந்தும், வழி திறந்து கிடந்தால் மருத்துவமனை வாசலை நெருங்கியதும் சைரனை அணைத்துவிடுங்கள். உள்ளே படுத்திருப்பவர்களும் நோயாளிகள்தான்.

5. சிவப்பு விளக்கு: நின்று, பார்த்து, ஊர்ந்து, கடந்து

இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் கொடுங்கள். ஆம்புலன்ஸ் வேலையிலேயே அபாயமான இடம் சந்திப்புதான்.

சட்டம் "சிவப்பைக் கடக்கலாம்" என்கிறது. "கடக்கும்போது எல்லாரும் உங்களுக்காக நிற்பார்கள்" என்று உறுதி தரவில்லை. உங்கள் பக்கம் சிவப்பு என்றால் குறுக்கே ஒருவருக்குப் பச்சை. அவர் தலைக்கவசத்துக்குள் இருக்கலாம், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனக் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம், காது கேளாதவராகவும் இருக்கலாம். அவர் தம் உரிமைப்படி வருகிறார். மோதினால் கவனம் தவறியவர் யார் என்ற கேள்வி உங்களை நோக்கித்தான் திரும்பும்.

நான் பழக்கும் முறை இது. சந்திப்புக்குச் சற்று முன்பே சைரனின் ஒலி வகையை மாற்றுங்கள். ஒரே ஒலி நீண்ட நேரம் கேட்டால் காது அதைப் பின்னணியாக்கிவிடும். மாற்றம்தான் தலையைத் திருப்ப வைக்கும். நிறுத்தக் கோட்டை நெருங்கும்போது நடை வேகத்துக்குக் குறையுங்கள். எதிரே பார்வை மறைந்திருந்தால் முழுவதுமாக நில்லுங்கள்.

பிறகு ஒவ்வொரு தடமாகக் கடக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வரும் முதல் தடத்து ஓட்டுநரின் கண்ணைப் பாருங்கள். அவர் நின்றது உறுதியானபின் அந்தத் தடத்தைத் தாண்டுங்கள். அடுத்த தடத்துக்கும் அதே சோதனை. நான்கு தடங்கள் இருந்தால் நான்கு முறை. பழகிய கைக்கு இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இங்கே புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நகரப் பேருந்து உங்களுக்காக நல்ல மனத்தோடு நிற்கும். அது நின்றதால் வழி திறந்தது என்று எண்ணி வேகமெடுப்பீர்கள். பேருந்தின் மறுபக்கம் வரும் பைக் ஓட்டுபவருக்கு நீங்களும் தெரிய மாட்டீர்கள், அவரும் உங்களுக்குத் தெரிய மாட்டார். பெரிய வண்டி நின்றால் அதன் மூக்கைத் தாண்டுவதற்கு முன் இன்னொரு முறை நில்லுங்கள்.

இரண்டு ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது இரண்டாவது வண்டிக்கு ஆபத்து அதிகம். முதல் வண்டி போனதும் மக்கள் "போய்விட்டது" என்று நகர்ந்துவிடுவார்கள். பின்னால் வருபவர் நல்ல இடைவெளி விட்டு, வேறு ஒலி வகையில் சைரனை வைத்து, அந்தச் சந்திப்பைத் தமக்கே புதியது போலக் கடக்க வேண்டும். எதிரெதிரே வரும் ஆம்புலன்ஸ்களுக்கும் இதே எச்சரிக்கை. உங்கள் சைரன் ஒலிக்கும்போது இன்னொருவரின் சைரன் உங்கள் காதில் விழாது.

கோரிப்பாளையம் போன்ற நெரிசலான சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் நின்றால் அவர் கையைப் பாருங்கள். விலக்கு விளக்குக்குத்தான், காவலர் கை காட்டி நிறுத்தினால் நில்லுங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிகிறது என்று கொள்ளுங்கள்.

6. வேகம்: மிச்சமாகும் நிமிடத்தைக் கணக்கிடுங்கள்

10 கிலோமீட்டர் தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 நிமிடம். 80இல் போனால் ஏழரை நிமிடம். மிச்சம் இரண்டரை நிமிடம். நகருக்குள் அந்த மிச்சமும் அடுத்த சந்திப்பில் கரைந்துவிடும். ஆனால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 60இலிருந்து 80க்குப் போனால் ஏறத்தாழ முக்கால் பங்கு அதிகரிக்கும். 80இல் ஒரு நொடி தயங்கினாலே 22 மீட்டர் போய்விடும்.

பின்னால் நின்றுகொண்டு இதய அழுத்தம் கொடுக்கும் உதவியாளரையும் நினையுங்கள். குலுங்கும் வண்டியில் அவரால் சரியாக அழுத்த முடியாது. முதுகெலும்பு முறிந்தவருக்கு ஒரு வேகத்தடையே போதும். நான்குவழிச் சாலையில் காலியான நீண்ட பகுதியில் வேகத்தைக் கூட்டுங்கள். ஊருக்குள் சீராகப் போங்கள்.

7. எதிர்த்திசை: கடைசி வழியாக மட்டும்

ஒருவழிப் பாதையில் எதிராகப் போவது அனுமதிக்கப்பட்டாலும், வேறு வழி அடைபட்டிருந்தால்தான் எடுங்கள். முகப்பு விளக்கையும் போட்டுக்கொண்டு, நினைத்த நொடியில் நிறுத்தக்கூடிய வேகத்தில், இயன்ற குறுகிய தூரத்துக்கு. உதவியாளரை ஒருமுறை கேளுங்கள். இரண்டாவது ஜோடிக் கண்கள் உதவும்.

சென்டர் மீடியன் உள்ள நெடுஞ்சாலையில் எதிர்த்தடத்தில் ஏறுவதை நான் யாருக்கும் பழக்குவதில்லை. எதிரே 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் தம் தடத்தில் முன்னால் வரும் வண்டியை எதிர்பார்க்கவே மாட்டார். சாலையின் ஓரப் பகுதியில் போகும்போது பழுதாகி நிற்கும் லாரியையும் நடந்து போகிறவர்களையும் எதிர்பார்த்தே போங்கள்.

8. ரயில்வே கேட்டும் சுங்கச்சாவடியும்

மூடிய ரயில்வே கேட்டுக்கு எந்த விலக்கும் இல்லை. அங்கே 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் ஆள்கிறது. அதன் 160ஆம் பிரிவின்படி மூடிய கேட்டைத் திறந்தால் மூன்று ஆண்டு வரை, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. கேட் கீப்பரிடம் சண்டை போடுவதும் வீண். சிக்னல் கொடுத்தபின் அவர் நினைத்தாலும் திறக்க முடியாது. உங்கள் பகுதியில் எந்தக் கேட்டுக்கு மாற்றாக எந்தப் பாலம், எவ்வளவு சுற்று என்பதை ஓய்வு நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதிவையுங்கள். இதைச் செய்யாத ஓட்டுநர்தான் கேட்டில் நின்று தவிக்கிறார்.

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் 2008ஆம் ஆண்டு கட்டண விதிகளின்படி ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. கப்பலூர் போன்ற சாவடிகளில் தூரத்திலேயே சைரனைப் போட்டு, அவசர வண்டிகளுக்கான தடத்தில் வரிசை பிடியுங்கள். கடைசி நொடியில் தடம் மாறினால் சாவடித் தூண்தான் எதிரே இருக்கும்.

9. வழிவிடாதவரோடு சண்டை வேண்டாம்

வழிவிடாதவருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இதைத் தெரிந்துகொண்ட புதியவர்கள் கண்ணாடியை இறக்கி வசைபாடுகிறார்கள், முட்டுவது போல நெருங்குகிறார்கள். பயந்தவர் இடப்பக்கம் ஒதுங்குவதற்குப் பதிலாக அங்கேயே பிரேக் அடித்துவிடுவார். இடைவெளி விட்டு, அவர் ஒதுங்க இடம் கொடுங்கள். வேண்டுமென்றே மறிக்கிறார் என்றால் வண்டி எண்ணை உதவியாளர் குறித்துக்கொள்ளட்டும். நோயாளியைச் சேர்த்தபின் நேரம், இடத்தோடு காவல்துறையிடம் புகார் கொடுங்கள்.

நோயாளியை ஒப்படைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதி, உள்நோயாளிச் சீட்டின் எண்ணையும் குறியுங்கள். அந்த நொடியோடு விலக்கு முடிகிறது. திரும்பும் வழியில் சைரனும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும்.

10. அபராத நோட்டீஸ் வந்தால்

கேமராவுக்கு நோயாளி தெரியாது. வண்டி எண்தான் தெரியும். ஆகவே நீங்கள் சரியாகவே ஓட்டியிருந்தாலும் மின்னணு அபராத நோட்டீஸ் வரலாம். அது உரிமையாளரின் பெயருக்குத்தான் போகும். அலுவலகத்தில் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருங்கள்.

முதல் தவறு, பயந்துபோய் உடனே பணம் கட்டுவது. கட்டினால் குற்றத்தை ஏற்றுக்கொண்டு தீர்த்துக்கொண்டதாக ஆகிவிடும். இரண்டாவது தவறு, "ஆம்புலன்ஸ்தானே" என்று கண்டுகொள்ளாமல் விடுவது. கெடு தாண்டினால் சிக்கல் பெரிதாகும்.

நோட்டீஸில் உள்ள நாளையும் நேரத்தையும் பயணப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால், பரிவாகன் என்ற மத்திய அரசின் போக்குவரத்து இணையதளத்தில் அபராதங்களுக்கான புகார்ப் பகுதியிலோ, நோட்டீஸ் கொடுத்த போக்குவரத்துக் காவல் பிரிவிலோ எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போய்விட்டிருந்தால் அங்கேயே மறுக்க வேண்டும். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: "மேற்படி நேரத்தில் இந்த வாகனம் உயிர் காக்கும் அவசரப் பணியில், சைரனும் விளக்கும் இயங்கிய நிலையில் இருந்தது. 2017ஆம் ஆண்டு ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி அவசர வாகனத்துக்குள்ள விலக்கின் கீழ் இதைக் கைவிடக் கோருகிறோம்." இணைப்பாகப் பதிவேட்டின் நகல், அழைப்பு எண், பரிந்துரைக் கடிதம் அல்லது உள்நோயாளிச் சீட்டு, ஜிபிஎஸ் பதிவு. நோயாளியின் பெயரையும் நோய் விவரத்தையும் நகலில் மறைத்துவிடுங்கள். அது அவருடைய அந்தரங்கம்.

பொருந்தாவிட்டால், அதாவது அவசரப் பணி எதுவும் இல்லாமல் சிவப்பைக் கடந்திருந்தால், அபராதத்தைக் கட்டிவிடுங்கள். பொய்ப் பதிவு எழுதி ஒருமுறை தப்பினால் அடுத்த உண்மையான பதிவையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

11. மோதிவிட்டால்

மூன்று விலக்குகளும் விதிமீறல் அபராதத்துக்கானவை. ஒருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் கேள்வியே வேறு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக நிறுவப்பட்டால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. "அவசரமாகப் போனேன்" என்பது அங்கே பதில் ஆகாது. எப்படிப் போனீர்கள் என்பதுதான் பார்க்கப்படும்.

நிறுத்துங்கள். உள்ளே நோயாளி இருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். உதவியாளர் உள்ளிருப்பவரைப் பார்க்கட்டும், நீங்கள் அடிபட்டவரைப் பாருங்கள். 108க்கும் உங்கள் கட்டுப்பாட்டு அறைக்கும் அழைத்து இன்னொரு வண்டி கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யும் கடமையை ஓட்டுநர் மேல் வைக்கிறது. கூட்டம் ஆவேசமாகிச் செய்ய முடியாமல் போனால் அதற்கு விதிவிலக்கு உண்டு. அப்போது நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

வண்டியில் கேமரா இருந்தால் அன்றைய பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள். பல கருவிகள் சில நாளில் பழைய பதிவின் மேல் எழுதிவிடும். பயணப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து உங்கள் வீட்டிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு சில ஆண்டுகள் கழித்துக்கூட விசாரணைக்கு வரலாம். அதற்குள் அலுவலகம் இடம் மாறியிருக்கும், உதவியாளர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.